ஏ பிரிவுக்கு என்ன விலை?

தோ கிசோப் சாரைப் பற்றி நல்லதிலிருந்தே தொடங்குகிறேன். பின்னால் சொல்லப்போவதில் நல்லது கொஞ்சம் குறைவு.

பூசானில் மலைச்சரிவில் இருக்கும் எங்கள் பல்கலைக்கழகத்தில், சட்டம் படிக்க வரும் முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் பொருளாதாரம் கட்டாயப் பாடம். ஒரு கடை, ஒரு குடும்பம், ஒரு விலை என்று சின்னக் கணக்கு ஒரு பருவம். நாடு, வட்டி, வேலையின்மை என்று பெரிய கணக்கு அடுத்த பருவம். வக்கீலாகப் போகிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து உட்காரும் பிள்ளைகளைப் பதினேழு வருடமாக மேய்த்தவர் தோ. நிரந்தர வேலை கிடையாது. வகுப்பு இருந்தால் சம்பளம், இல்லையென்றால் இல்லை. வீட்டில் உலை கொதிப்பது பூஜோன் சந்தையில் அவர் மனைவி நடத்தும் திரைச்சீலைக் கடையால்தான். அது அவருக்கும் தெரியும். அதனாலேயே அந்த வகுப்பை உயிராகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நன்றாக நடத்துவார். சட்டத்துறை அலுவலகத்தில் அட்டவணையும் பதிவும் பார்க்கிற ஜெகால் சுனிம் நான். எல்லா வகுப்பறைக் கதவையும் தாண்டித்தான் நடக்கிறேன், எனக்குத் தெரியாதா? முதல் வாரம் ஒரு பை நிறைய கமலா ஆரஞ்சு வாங்கி வருவார். இருக்கிறதிலேயே பசித்த முகமாக ஒருவனைக் கூப்பிட்டு ஊட்டாத குறையாகக் கொடுப்பார். முதல் பழம் அமிர்தம். மூன்றாவதில் முகம் மாறும். ஆறாவதை இலவசமாகக் கொடுத்தாலும் கையெடுத்துக் கும்பிடுவான். "அவ்வளவுதாண்டா பயன்பாடு," என்பார். வகுப்பே சிரிக்கும். பரீட்சையில் ஒருவன் கூட அந்தக் கேள்வியை விட்டதில்லை.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த மனிதர் வாழ்க்கையில், இரண்டு வருடம் முன்பு பான் யோங்ரின் வந்து சேர்ந்தாள். முப்பத்துநான்கு வயது. சியோலில் சட்டமும் படித்து, பொருளாதாரமும் படித்தவள். பிள்ளைகள் அதிகமாகிவிட்டார்கள் என்று வகுப்பை ஏ, பி என்று இரண்டாகப் பிரித்து, ஏ தோவுக்கு, பி அவளுக்கு என்றார் துறைத்தலைவர். ஒரே நேரம், ஒரே பாடம், எதிரெதிர் அறை. யாருக்கு எது வேண்டுமோ பிள்ளைகளே எடுத்துக்கொள்ளலாம்.

அந்தப் பெண் முதல் நாளே கேட்டாளாம்: "உங்க வீடு லீசுக்கு எடுத்ததுதானே? வட்டி ஏறினா உங்கம்மா கொடுத்த லீசுப் பணம் திரும்பி வருமா?" அவ்வளவுதான். இந்த ஊரில் லீசுப் பணம் போய் அழாத குடும்பம் எங்கே இருக்கிறது? பிள்ளைகள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்கள். அடுத்த பருவம் பி நிரம்பி வழிந்தது.

தோ என் மேசைக்கு வருவது அன்றிலிருந்து அதிகமானது. பொட்டலக் காப்பியைக் கிழித்து வெந்நீரில் கொட்டி, அந்தப் பொட்டலத்தாலேயே கலக்கிக்கொண்டு ஆரம்பிப்பார்.

"ஜெகால் மேடம், அந்தப் பக்கம் எத்தனை?"

"எந்தப் பக்கம் சார்?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

"அறுபது. ஃபுல்."

"நமக்கு?"

"முப்பத்தொண்ணு."

"நம்மகிட்ட இருக்கறது படிக்கற முப்பத்தொண்ணு. அங்க இருக்கறது கூட்டம்." சொல்லிவிட்டுக் காப்பியை ஒரே மடக்கில் குடிப்பார். சூடு தாங்காமல் கண் கலங்கும். சூட்டினால்தான் கலங்கியது என்று நானும் நம்புவேன், வேறென்ன செய்வது?

ஒருநாள் புயல் மாதிரி உள்ளே வந்தார். "திருடிட்டா மேடம்! என் பழத்தைத் திருடிட்டா!"

"யாரு, என்ன பழம்?"

"அவதான். கிளாஸ்ல பழம் வச்சு நடத்தறா. என்னோடது ஆரஞ்சு, அவளோடது ஸ்ட்ராபெரி. ஸ்ட்ராபெரியாம்! ஆறாவது ஸ்ட்ராபெரியை எந்த மடையன் வேண்டாம்பான்? இருபது தின்னுட்டு இன்னும் இருக்கான்னு கேட்டானாம் ஒருத்தன். பாடமே தலைகீழாப் போச்சு. ஆனா கிளாஸ்ல கைதட்டல்!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவருக்கு அது கோபம். இரண்டு நாள் என் அலுவலகத்துக் காப்பியைத் தொடவில்லை.

அதற்கப்புறம்தான் வகுப்புச் சீட்டு விற்கிற விஷயம் அவர் காதுக்குப் போனது. இது எல்லாக் கல்லூரியிலும் நடப்பதுதான், செய்யக் கூடாது என்று ஒவ்வொரு பருவமும் அறிவிப்பு ஒட்டுகிறோம், அவர்களும் செய்கிறார்கள். நல்ல வகுப்பில் இடம் பிடித்தவன் ஃபோனில் ரகசியமாக விலை சொல்வான். வாங்குகிறவனும் விற்கிறவனும் இன்டர்நெட் கடையில் பக்கத்துப் பக்கத்துக் கணினியில் உட்காருவார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி ஒருவன் தன் இடத்தை விடுவான், அடுத்தவன் அதே நொடியில் எடுப்பான். நடுவில் மூன்றாவது ஆள் எவனாவது கொத்திக்கொண்டு போனால் அங்கேயே அடிதடி. சட்டம் படிக்கிற பிள்ளைகள் வேறு! இந்த ஒப்பந்தம் செல்லுமா செல்லாதா என்று வாதாடிக்கொண்டே அடித்துக்கொள்வார்கள்.

போன பிப்ரவரியில், பதிவு திறக்கும் முன்பே, பி பிரிவில் ஓர் இடத்துக்கு முப்பதாயிரம் வொன் விலை பேசுகிறார்கள் என்று யாரோ தோவிடம் சொல்லிவிட்டான். பாவி, வேறு யாரிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா?

"முப்பதாயிரம்," என்றார் என் மேசை முன்னால் நின்று. முகத்தில் ஈயாடவில்லை. "என்னோடது சும்மா கிடக்கு. அறுபது இடம் வச்சிருக்கேன், பாதி காலி. அவளோடதைக் காசு கொடுத்து வாங்கறான். எனக்கு வயிறு எரியுது மேடம். பொய் சொல்ல மாட்டேன், எரியுது."

"எரிஞ்சா தண்ணி குடிங்க சார். காலி இடம் இருந்தா என்ன? வர்றவங்க நல்லாப் படிக்கறாங்க இல்ல?"

அவர் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் போனார். பிறகு திரும்பினபோது அந்தக் கண்ணில் ஒரு வெளிச்சம்.

"ஏ பிரிவோட வரம்பு என்ன?"

"அறுபது."

"பதினஞ்சாக் குறைங்க."

"சார், உங்களுக்குப் பைத்தியமா?"

"பொருளாதாரம் மேடம், பைத்தியம் இல்ல. நிறையக் கிடக்கறதாலதான் மதிப்பில்ல. பதினஞ்சு இடம்னு போடுங்க. முப்பது பேர் வந்து முட்டட்டும். அப்புறம் பாருங்க வேடிக்கைய."

"பத்துக்குக் கீழ போனா வகுப்பையே மூடிடுவாங்க. உங்களுக்கு இருக்கறதே இந்த ஒண்ணுதான். மூடினா அடுத்த வருஷம் யாரும் கூப்பிட மாட்டாங்க."

"முப்பது பேர் கேக்கற வகுப்பு எப்படிப் பத்துக்குக் கீழ போகும்?"

வரம்பைக் குறைப்பது ஆசிரியர் இஷ்டம். பதிவேற்றுவது என் வேலை. பல்லைக் கடித்துக்கொண்டு பதினைந்து என்று அடித்தேன்.

எங்கள் பிள்ளைகள் பதிவுக்கு நாலு நாள் முன்பே வேண்டிய பாடங்களைக் கணினியில் கூடைக்குள் போட்டு வைப்பார்கள். எந்தக் கூடையில் எத்தனை பேர் என்று எல்லோருக்கும் தெரியும். பி-க்கு அறுபது இடம், எழுபது பேர். ஏ-க்குப் பதினைந்து இடம், முப்பத்திரண்டு பேர். அவ்வளவு நெருக்கடி வேறு எந்தப் பாடத்திலும் இல்லை. அது கண்ணில் பட்டதும் சீட்டு விற்கிற கூட்டத்துக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. பொருளாதாரம் என்றால் என்னவென்றே தெரியாத, சட்டம் பக்கமே தலைவைத்துப் படுக்காத பயல்களெல்லாம் விருப்பப் பாடம் என்று ஏ-யைக் கூடையில் போட்டார்கள். பதிவு நாள் காலை பத்து மணிக்குத் திறந்தது. நான் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் ஏ நிரம்பிவிட்டது.

அடேயப்பா, தோவைப் பார்க்க வேண்டுமே! தலைகால் புரியவில்லை மனிதருக்கு. அலுவலகத்துக்கே பன்றிச் சூப்பும் சோறும் வாங்கிக் கொடுத்தார். பதினேழு வருடத்தில் முதல் தடவை.

"இன்னிக்கு எவ்வளவு போகுது?"

"நான் என்ன சந்தையிலயா உக்காந்திருக்கேன்?"

"ஐம்பதாயிரமாம் மேடம். அந்தப் பக்கம் முப்பதுலயே நிக்குது." சூப்பில் உப்பிட்ட குட்டி இறாலைப் போட்டுக் கலக்கினார். வாயெல்லாம் பல்.

இடம் கிடைக்காத பிள்ளைகள் என் மேசைக்கு வந்தார்கள். அவர்களில் மா தூசிக் என்று ஒருவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், நாற்பது வயதில் சட்டம் படிக்க வந்தவர். "தோ சார் மெதுவாச் சொல்லுவாராம் மேடம். நமக்கு மண்டை மெதுவா வேலை செய்யும். எப்படியாவது சேத்துவிடுங்க," என்றார். ஆசிரியர் ஒரு வார்த்தை சொன்னால் கூடுதலாகச் சேர்க்கலாம். தோவிடம் கேட்டேன்.

"முடியாது."

"சார், ஒரு ஆள்தானே?"

"ஒருத்தரைச் சேத்தா இன்னொருத்தர் வருவார். சும்மா கிடைக்குதுன்னு தெரிஞ்சா விலை இறங்கிடும்."

"விலை உங்க பைக்கா வருது?"

"எனக்குக் காசு வேண்டாம் மேடம். அவளைவிட ஒரு வொன் அதிகமாப் போகணும். அவ்வளவுதான்."

மா தூசிக் மறுபடி வந்தார். அப்புறம் இன்னொரு தடவையும். அதே பதில்தான்.

கட்டாயப் பாடத்தில் இடம் இல்லை என்று முதலாண்டுப் பெற்றோர்கள் துறைத்தலைவருக்குத் தொலைபேசி போட்டுக் கத்தத் தொடங்கினார்கள். அவருக்கு என்ன, பெரிய கூடமாகப் பார்த்து பி பிரிவைக் கீழ்த்தளத்துக்கு மாற்றி, வரம்பை நூறு ஆக்கிவிட்டார். மா தூசிக் அங்கே போய்ச் சேர்ந்தார். கேட்ட எல்லோருக்கும் இடம் கிடைத்தது. தோவுக்கு இதைக் கேட்டு உச்சி குளிர்ந்தது.

"கூட்டம் சேரட்டும். மலிவுச் சரக்கு," என்றார். அன்று ஏ எழுபதாயிரம்.

அன்று சாயங்காலம் பான் யோங்ரின் என் மேசைக்கு வந்தாள். பக்கத்தில் கில் தாவோன் என்ற மாணவி ஏதோ சான்றிதழுக்காக நின்றிருந்ததைக் கூட அவள் கவனிக்கவில்லை.

"மேடம், ஏ பிரிவோட வரம்பு பதினஞ்சுதானா? மாத்தவே மாட்டாங்களா?"

"ஏம்மா கேக்கற?"

"அவர் சீட்டு எழுபதாயிரமாமே. என்னோடதுக்கு நேத்து வரைக்கும் முப்பது. நூறு பேர்னு ஆக்கினதும் ஒண்ணுமில்ல, சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்ல." உதட்டைக் கடித்துக்கொண்டாள். "ராத்திரியெல்லாம் உக்காந்து பாடம் தயார் பண்றேன். அவர் அதே பழைய ஆரஞ்சு. என்ன மேடம் இருக்கு அவர்கிட்ட? எனக்குப் பொறுக்கல."

படித்த பெண், அழகான பெண், நூறு பேர் வகுப்பு. அவளுக்கும் இதே வியாதியா! இரண்டு பேரையும் ஒரு அறையில் போட்டுப் பூட்டிவிடலாம் போலிருந்தது எனக்கு.

மார்ச்சில் வகுப்பு தொடங்கியது. முதல் வாரம் முழுக்கப் பிள்ளைகள் பாடத்தை விடலாம், மாற்றலாம். தோவின் வகுப்பில் பதினைந்து பேரில் ஆறு பேர்தான் வந்து உட்கார்ந்தார்கள். மற்ற ஒன்பது பேர் வரவில்லை. வரவும் மாட்டார்கள், அவர்கள் இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு இன்னும் விலை ஏறட்டும் என்று காத்திருக்கிறவர்கள். மாற்றத்துக்குக் கடைசி நாளான வெள்ளிக்கிழமை மதியம் அவரைப் பிடித்தேன்.

"சார், ஒரு வார்த்தை சொல்லுங்க, வரம்பை ஏத்திடறேன். மா தூசிக் இன்னும் உங்ககிட்ட வரத் தயார். அவரோட சேந்து நாலஞ்சு பேர் இருக்காங்க. அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க."

"சாயங்காலம் வரைக்கும் பொறுங்க. எண்பதைத் தொடப்போகுது."

"எவன் சொன்னான்?"

"கடைசி நாள் மேடம். வேணுங்கறவன் தவிப்பான். தவிச்சா ஏறும்."

வேண்டுகிறவன் எவனும் பாக்கியில்லை. அவர்கள் எல்லோரும் கீழ்த்தளத்துக் கூடத்தில் இலவசமாக உட்கார்ந்திருந்தார்கள். மதியம் ஏ-யின் விலை ஐம்பது. மூன்று மணிக்கு இருபது. நாலரைக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுத்தால் போதும் என்று எழுதினான் ஒருவன், அதற்கும் ஆள் இல்லை. மூடப் போகிற நேரம், தாங்களே படிக்க நேருமே என்று ஒன்பது பேரும் ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் இடத்தை விட்டார்கள். என் திரையில் எண் இறங்கிக்கொண்டே போய் ஆறில் நின்றது. எனக்கு வந்த ஆத்திரத்தில் யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை, கணினியைத் திட்டினேன்.

ஏ பிரிவு ரத்து என்ற தகவல் அந்த ஆறு பேருக்கும் தோவுக்கும் ஒரே நேரத்தில் கைபேசியில் போனது.

திங்கள் காலை தோ வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். நானே காப்பியைக் கலக்கி வைத்தேன், தொடவில்லை. வாய் திறந்து ஏதாவது சொல்லலாம் என்று நினைக்கும்போதே கதவைத் தள்ளிக்கொண்டு அந்த ஆறு பேரும் வந்தார்கள். முன்னால் கில் தாவோன். பின்னாலேயே, கூடத்துச் சாவி வாங்க வந்த பான் யோங்ரின்.

தாவோன் அவளைப் பார்த்ததும் வெடித்தாள். "நல்லதாப் போச்சு, நீங்களே வந்துட்டீங்க. ஜெகால் மேடம், ஏ-யை அறுபதுல இருந்து பதினஞ்சாக் குறைச்சது யாரு? பி-யை நூறா ஏத்தினது யாருக்காக? இதுல லாபம் யாருக்கு? அவங்கதானே செஞ்சிருக்கணும்! நான் இங்க நின்னுட்டிருந்தப்பவே இவங்க வந்து வரம்பைப் பத்தி விசாரிச்சாங்க. பொறுக்கலன்னு இவங்க வாயாலயே சொன்னாங்க. நான் சாட்சி."

பான் யோங்ரினுக்கு முகம் வெளுத்துவிட்டது. "நான் எதுவும் செய்யல," என்றாள். பொறுக்கவில்லை என்று சொன்னது உண்மைதானே, அதை எப்படி மறுப்பாள்?

"டீன்கிட்ட மனு கொடுக்கப் போறோம். ஆறு பேரும் கையெழுத்துப் போட்டாச்சு," என்றாள் தாவோன். "நான் காசு கொடுத்து வாங்கினேன் சார் உங்க சீட்டை. எழுபதாயிரம். அந்த ஒப்பந்தம் செல்லாதுன்னு எனக்குத் தெரியும், பணத்தையும் நான் திருப்பிக் கேக்கல. உங்ககிட்டதான் படிக்கணும்னு வாங்கினேன்."

எழுபதாயிரம் என்ற சொல் விழுந்ததும் தோவின் தலை நிமிர்ந்தது. அந்த நிலையிலும், நான் என் கண்ணால் பார்த்தேன், அவர் பார்வை பான் யோங்ரினிடம்தான் போனது. கேட்டாயா என்று கேட்கிற பார்வை. அவளும் அதைக் கேட்டாள். அவள் முகம் இன்னொரு தடவை சுருங்கியது. சீ, என்ன மனிதர்கள் என்று எனக்கு வெறுத்துப் போயிற்று. நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். சும்மா இருந்தால் போதும், அவர் நினைத்ததெல்லாம் நடந்துவிடும். அவள் மேல் விசாரணை வரும். நானும் அவருக்காக வாயை மூடிக்கொள்வேன் என்று நினைத்தாரோ என்னவோ. காப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். அப்புறம் எழுந்தார்.

"குறைச்சது நான்தான்," என்றார்.

தாவோன் சிரித்துவிட்டாள். "சார், நீங்க நல்லவர்ங்கறது எங்களுக்குத் தெரியும். இவங்களைக் காப்பாத்தாதீங்க."

"தாவோன், உக்காரு. எல்லாரும் உக்காருங்க."

உட்கார எங்கே இடம்? நின்றார்கள். அவர் வகுப்பில் பேசுகிற குரலுக்குப் போய்விட்டார், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக.

"எங்கிட்ட அறுபது இடம். கேட்டவங்க முப்பது பேர். விலை என்ன?"

"ஒண்ணுமில்ல சார்," என்றான் பின்னால் ஒருவன்.

"எதிர் ரூம்ல முப்பதாயிரம். எனக்குப் பொறுக்கல. அறுபதைப் பதினஞ்சாக்கினேன். இப்ப?"

"ஏறும்."

"ஏறுச்சு. வாங்கினது யாரு? படிக்கறவங்களா?"

தாவோன், "பாதிக்கு மேல விக்கறவங்க," என்றாள்.

"சரி. அதே பாடம், அதே நேரம், கீழ்த்தளத்துல சும்மா கிடைக்குது. நூறு இடம். இப்ப என் விலை?"

எல்லோருக்கும் பதில் தெரிந்துவிட்டது. தாவோனின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"உங்களை மாதிரி படிக்கணும்னு கேட்டு வந்தவங்களை நான் சேத்துக்கல. மா தூசிக்னு ஒருத்தர். மூணு தடவை வந்தார். சேத்தா விலை இறங்கும்னு விட்டுட்டேன். அவரைச் சேத்திருந்தா, அவர் கூட இருந்தவங்களையும் சேத்திருந்தா, இன்னிக்கு வகுப்பு இருந்திருக்கும். பான் மேடத்துக்கு இதுல ஒரு சம்பந்தமும் இல்ல. ஜெகால் மேடத்தைக் கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். வேறென்ன செய்ய முடியும்?

தாவோன் கையில் இருந்த மனுவை நாலாக மடித்துப் பையில் வைத்தாள். தோவிடம் ஏதாவது கேட்பாள் என்று நினைத்தேன். திட்டினாலாவது பரவாயில்லை என்று அவரும் காத்திருந்த மாதிரிதான் இருந்தது. அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"மேடம்," என்றாள் என்னிடம். "பி பிரிவுல இடம் இருக்கா?"

"இருக்கும்மா. வகுப்பு ரத்தானவங்க இன்னிக்கும் சேரலாம்."

மாணவர் எண்ணைச் சொன்னாள். அவளுக்குப் பின்னால் மற்ற ஐந்து பேரும் வரிசையாக நின்றார்கள். பான் யோங்ரின் சாவியை வாங்காமலே போய்விட்டாள். தோ அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருக்க, நான் ஆறு பெயரையும் பி-யில் ஏற்றினேன்.